நாற்பத்தைந்து காசு

தென்காசியிலே அன்று மாலை பேசியதை ஏட்டிலே தர வேண்டும் என்று தோழர்கள் பலர் கேட்டனர். பேச்சின் நடுவிலே ஒலிபெருக்கி இருமுறை நின்றது. குற்றாலத்துச் சாரல் ஒருமுறை வந்தது. கணக்குச் சொன்ன பகுதி பாதிப் பேர் காதிலே விழவில்லை. ஆகவே அந்த உரையை, விட்டுப்போன கணக்கையும் சேர்த்து, இங்கே எழுதித் தருகிறேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் சரிபார்த்துக் கொள்ளுங்கள். வராதவர்கள், முன்வரிசையிலே இடம் கிடைத்ததாக எண்ணிக் கொள்ளுங்கள்.

தலைவர் அவர்களே! தாய்மார்களே! தோழர்களே!

குறவஞ்சி பிறந்த மண் இது. குறத்தி வந்து மலைவளம் சொன்ன ஊரிலே, நான் மண்வளம் சொல்ல வந்திருக்கிறேன். பொன் என்று சொல்லவில்லை, மணி என்று சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது வெறும் கல். வெற்றிலைக்குத் தடவுகிறோமே சுண்ணாம்பு, அந்தச் சுண்ணாம்புக்குத் தாயான கல். சுண்ணாம்புக்கல்!

"இதைப் பேசவா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று கேட்பீர்கள். ஆம், இதைப் பேசத்தான் வந்தேன். மாநில உரிமை, மாநில உரிமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த உரிமை எங்கே இருக்கிறது, எடுத்துக்காட்டு என்று ஒருவன் கேட்டால், கையை எங்கே நீட்டுவது? அரசியல் சட்டப் புத்தகத்தை நீட்டினால் அவனுக்குப் புரியாது. இந்தக் கல்லை நீட்டுங்கள், புரியும்.

குற்றாலத்துச் சித்திரசபையைப் பார்த்திருப்பீர்கள். அதன் சுவர்களிலே ஓவியம் நிற்பது எதன்மீது? சுண்ணாம்புக் காரையின்மீது. நான் பக்திக்காக அதைச் சொல்லவில்லை. பெயர் தெரியாத கொத்தனாரின் கைத்திறனுக்காகச் சொல்கிறேன். கல்லைச் சுட்டான், நீற்றினான், மணலோடு அரைத்தான், கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் கலந்தான், பூசினான். அந்தச் சாந்து காலத்தை எதிர்த்து நின்றது. அன்று காளவாசலிலே அடுக்கடுக்காய்க் கல்லும் கரியும் போட்டுத் தீ மூட்டுவார்கள். தீ அடங்கியதும் எடுத்துத் தண்ணீர் தெளித்தால், சீறிக்கொண்டு பொடியாகும். சிறுவயதிலே அதைப் பார்த்து நான் பயந்து ஓடியதுண்டு. கல் கோபப்படுகிறது என்று நினைத்தேன்.

பிறகு கல்லூரியிலே அந்தக் கோபத்தின் பெயரைச் சொன்னார்கள். கல்லூரியை இடையிலே விட்டவன் நான். படித்ததில் பாதி மறந்துபோயிற்று. ஆனால் வேதியியல் ஆசிரியர் கரும்பலகையிலே எழுதிய ஒரு கணக்கு மறக்கவில்லை. கலப்பில்லாத சுண்ணாம்புக்கல் நூறு பங்கு எடுத்துச் சுட்டால், 44 பங்கு கரியமில வாயுவாகக் காற்றிலே போய்விடும். மீதி 56 பங்குதான் சுண்ணாம்பு. 'நூற்றுக்கு நாற்பத்து நாலு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்' என்றார் ஆசிரியர். அந்த வாயு மட்டுமா கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று? கல்லின் விலையும் அப்படித்தான் போயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

தோழர்களே! நம் பக்கத்துக் கல்லின் கதையைக் கேளுங்கள். அரியலூர்க் கல் பழங்காலக் கடல் விட்டுப்போன கல். உடைத்தால் சிப்பியும் சங்கும் தெரியும். நெல்லைச் சீமைக் கல் அப்படியல்ல. பூமியின் வயிற்றிலே வெந்து, நெரிந்து, படிகமாகிப் பளிங்குபோல் நிற்பது. நெல்லைக்கு வடக்கே உள்ள தாழையூத்திலிருந்து, சங்கரன்கோவில் பக்கத்துப் பந்தப்புளி வரை, இந்தக் கல் வெட்டிய பூமி உண்டு. மானாவாரி நிலத்திலே ஏர் பிடித்தவனுக்கு அதன் தம்பியையும் தெரியும்: மண்ணுக்குள்ளே உருண்டை உருண்டையாய்க் கிடக்கும் சுக்கான்கல். ஏர்முனையை மழுக்குகிறதே என்று திட்டிக்கொண்டே பொறுக்கி வரப்பிலே போடுவான். வரப்பிலே கிடந்தது, ஒருநாள் சரக்காயிற்று!

1946இல் இந்தியா சிமெண்ட்ஸ் என்ற கம்பெனி தோன்றியது. 1949இல் தாழையூத்திலே அதன் முதல் ஆலை புகைந்தது. ஊருக்குச் சங்கர்நகர் என்று புதுப்பெயரும் வந்தது. ஆலை வந்ததை நான் குறை கூறவில்லை. அணை கட்ட, பாலம் கட்ட, பள்ளி கட்ட நாட்டுக்குச் சிமெண்டு வேண்டும். அந்த ஆலைகளிலே உழைத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். எப்படி அந்தக் கல் சிமெண்டாகிறது என்பதை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலிலே மேல்மண்ணை வழித்தெடுக்கிறார்கள். எத்தனையோ தலைமுறை உழுத மண் ஒரு பக்கம் குன்றாய்க் குவிகிறது. பிறகு பாறையிலே வரிசையாய்த் துளை போடுகிறார்கள். துளைக்குள் வெடிமருந்து. சங்கு ஊதுகிறது, ஆட்கள் விலகுகிறார்கள், வெடி. பூமி ஒருமுறை குலுங்குகிறது. பக்கத்து ஊரிலே அடுப்பங்கரைப் பாத்திரம் சத்தம் போடுகிறது. ஒரே குழியாய் வெட்டினால் சரியும் என்பதால், படிப்படியாக இறங்குகிறார்கள். மேலே நின்று பார்த்தால், இராட்சதன் குளிக்கக் கட்டிய தெப்பக்குளம்போல் தெரியும்.

உடைந்த கல்லை இயந்திரக்கை அள்ளி டம்பர் வண்டியிலே போடுகிறது. வண்டி கிரஷருக்குப் போகிறது. கட்டிலளவு கல், கைப்பிடியளவாகிறது. எல்லாக் கல்லும் ஒரே தரமல்ல. சுண்ணாம்புச் சத்து மிகுந்ததையும் குறைந்ததையும் சோதனைச்சாலையிலே பார்த்துக் கலந்து குவிக்கிறார்கள். அதோடு களிமண், இரும்புச் சத்துள்ள மண் எல்லாம் அளவாய்ச் சேர்த்து, மாவாய் அரைக்கிறார்கள். அந்த மாவு உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து இறங்கி வரும்போதே, கீழிருந்து மேலேறும் வெப்பக் காற்றிலே காய்ந்து வறுபட்டு, உருளைச் சூளைக்குள் நுழைகிறது. இலேசாகச் சரிந்து, மெல்லச் சுழலும் இரும்புக் குழாய் அது. உள்ளே சரக்கு 1,450 பாகை வெப்பத்திலே வேகிறது. கரியமில வாயு புகைபோக்கி வழியே போகிறது. கோலிக்குண்டு போன்ற உருண்டைகள் மறுமுனையிலே விழுகின்றன. அதுதான் கிளிங்கர். அதைக் குளிரவைத்து, நூற்றுக்கு ஐந்து பங்கு போல ஜிப்சம் சேர்த்து, மறுபடியும் அரைத்தால் சிமெண்டு. 50 கிலோ மூட்டை. கடைக்குப் புறப்பாடு!

இதிலே என்ன குற்றம்? செய்முறையிலே குற்றமில்லை. கணக்கிலேதான் கவனம் வேண்டும். சாரல் வந்து நீங்கள் கேட்காமற்போன கணக்கு இதுதான்; நிதானமாகப் படியுங்கள்.

ஒரு டன் சாதாரணச் சிமெண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கல் வேண்டும். ஒரு டன்னுக்கு 20 மூட்டை. கல்லை வெட்டுகிறவர் மாநில அரசுக்குத் தருவது ராயல்டி. எவ்வளவு? 2014 செப்டம்பரிலே நிர்ணயித்தபடி, சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல்லுக்கு டன் ஒன்றுக்கு 80 ரூபாய். ஒன்றரை டன்னுக்கு 120 ரூபாய். 20 மூட்டைக்கு வகுத்தால் மூட்டைக்கு 6 ரூபாய். சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இன்னும் குறைவு.

மூட்டையின் விலை, வரி நீங்கலாக, 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017 முதல் 2025 செப்டம்பர் வரை நூற்றுக்கு 28 வீதம் ஜி.எஸ்.டி.; அதாவது 70 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 18; அதாவது 45 ரூபாய். அதிலும் மாநிலத்தின் பங்கு, மூட்டை எந்த மாநிலத்திலே விலையாகிறதோ அந்த மாநிலத்துக்கு. நம் மூட்டை புளியரை வழியே மலை தாண்டினால், பங்கு கேரளத்துக்கு. கேரளத்தார் நம் உடன்பிறந்தார், அவர்கள் வீடு கட்டட்டும், எனக்குப் பொறாமையில்லை. ஆனால் வீடு அங்கே எழுகிறது, குழி இங்கே விழுகிறது. குழிக்குக் கிடைப்பது 6 ரூபாய்!

சரி, அந்த 80 ரூபாயை நிர்ணயித்தது யார்? நிலம் நம் நிலம். குழி நம் ஊரில். தூசி நம் மூச்சில். விலை சொன்னது டில்லி! 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி, இந்தக் கல்லுக்கு ராயல்டி வீதத்தை மத்திய அரசுதான் அறிவிக்கும். அதையும் மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் உயர்த்தக்கூடாது.

இதிலே 2025 வரை ஒரு வேடிக்கை இருந்தது, கேளுங்கள். அதே கல்லைக் கட்டடச் சுண்ணாம்புக்காகக் காளவாசலிலே சுட்டால், அதன் பெயர் சிறுகனிமம். விலை வைத்தது சென்னை. சிமெண்டு உலையிலே சுட்டால் அது சிறுகனிமம் அல்ல. விலை வைத்தது டில்லி. கல் ஒன்று, குழி ஒன்று, ஊர் ஒன்று. காளவாசலுக்குப் போனால் தமிழன், ஆலைக்குப் போனால் டில்லிவாசி!

இங்கேதான் நம் கதையின் நாயகன் வருகிறான். அவன் பெயர் நாற்பத்தைந்து காசு.

1958ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிச் சட்டத்தின் 115ஆம் பிரிவு ஒரு சிறு ஏற்பாட்டைச் செய்தது. நிலவரியிலே ரூபாய்க்கு 45 காசு தலமேல்வரி. அது ஊராட்சி வளர்ச்சி வட்டாரத்துக்கு. 1964இல் ஒரு திருத்தம் வந்தது: நிலவரி என்றால் ராயல்டியும் சேர்த்தி என்று. ஏழை உழவன் தீர்வையிலே மேல்வரி கட்டும்போது, கல் வெட்டும் கம்பெனி மட்டும் கட்டாமல் இருப்பானேன்? நியாயமான கேள்வி. அந்த நாளிலே ஊராட்சி ஒன்றியங்கள்தாம் தொடக்கப்பள்ளிகளை நடத்தின, கிணறு வெட்டின, சாலை போட்டன. 45 காசு என்றால் ஒரு கூரை ஓடு, ஒரு கரும்பலகை, ஒரு வாளித் தண்ணீர்.

1963இல் சுண்ணாம்புக்கல்லும் சுக்கானும் வெட்டக் குத்தகை பெற்றிருந்த இந்தியா சிமெண்ட்ஸ், இந்த மேல்வரி செல்லாது என்று வழக்காடியது. வழக்காடுவது அவர்கள் உரிமை. வழக்கு உச்சநீதிமன்றம் ஏறியது. ஏழு நீதிபதிகள் அமர்ந்தார்கள். 1989 அக்டோபர் 25இல் தீர்ப்பு: ராயல்டி என்பதே ஒரு வரி, அதன்மீது மேல்வரி போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை. வசூலித்ததைத் திருப்பித் தர வேண்டாம், இனி வசூலிக்காதே!

நான் நாடகக்காரன். இதை ஒரு காட்சியாக நினைத்துப் பாருங்கள்.

ஊராட்சித் தலைவர் வருகிறார். "ஐயா, குழி தோண்டுகிறார்கள். என் ஊர்ச் சாலை போயிற்று. ரூபாய்க்கு 45 காசு கேட்கிறேன்."

டில்லி சொல்கிறது: "அவர் ஏற்கெனவே வரி கட்டுகிறாரே!"

"என்ன வரி, ஐயா?"

"ராயல்டி."

"அது கல்லுக்குக் கொடுக்கும் குத்தகைப் பணம் அல்லவா? என் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் எனக்குக் குத்தகை தருகிறான். அதனால் அந்த நிலத்துக்கு அரசாங்கத் தீர்வை இல்லை என்று ஆகிவிடுமா?"

டில்லி பதில் சொல்லவில்லை. திரை விழுகிறது. ஏறத்தாழ 35 ஆண்டுகள் விழுந்தே கிடந்தது!

இடையிலே ஒருநாள் திரை அசைந்தது. 2004இல் மேற்கு வங்க அரசுக்கும் கேசோராம் கம்பெனிக்கும் நடந்த வழக்கிலே, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு என்ன சொன்னது தெரியுமா? 1989 தீர்ப்பிலே "ராயல்டி ஒரு வரி" என்று இருப்பது கைத்தவறு. "ராயல்டி மீதான மேல்வரி ஒரு வரி" என்று இருந்திருக்க வேண்டும் என்றது. கைத்தவறு, தோழர்களே, அச்சுப் பிழை போன்ற கைத்தவறு! நம் ஏட்டிலே அச்சுப் பிழை வந்தால் மறுநாளே திருத்தம் போடுகிறோம். மறந்தால் வாசகர் நம்மை விடுவதில்லை. அங்கே ஒரு பிழையைப் பிழை என்று சொல்லவே 15 ஆண்டு. ஏழு பேர் சொன்னதை ஐந்து பேர் திருத்தலாமா என்ற ஐயம் எழுந்து, 2011இல் வழக்கு ஒன்பது நீதிபதிகளுக்குப் போயிற்று. அங்கே இன்னும் 13 ஆண்டு.

2024 சூலை 25. ஒன்பது நீதிபதிகளிலே எட்டுப் பேர் ஒரே குரலிலே சொன்னார்கள்: ராயல்டி வரி அல்ல, கனிமத்தை எடுப்பவர் குத்தகைதாரராக உரிமையாளருக்குத் தரும் ஈடு. கனிம உரிமைமீது வரி போடும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 50ஆம் இனத்திலே இருக்கிறது. கனிமம் கிடக்கும் நிலத்துக்கு வரி போடும் அதிகாரம் 49ஆம் இனத்திலே இருக்கிறது. 1989 தீர்ப்பு சரியல்ல!

நம் ஊராட்சித் தலைவர் கேட்ட அதே கேள்விக்கு, அதே விடை. ஆனால் விடை வந்த வேளையிலே கேட்டவர் இருக்கிறாரா?

அடுத்த மாதம் 14ஆம் நாள் இன்னொரு உத்தரவு: 2005 ஏப்ரல் 1க்குப் பிந்திய பாக்கியை மாநிலங்கள் கேட்கலாம், அதையும் 2026 ஏப்ரல் முதல் 12 ஆண்டுத் தவணையிலே வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முந்திய காலம் போனது போனதுதான். போடாத ஓடு போடாததே. வெட்டாத கிணறு வெட்டாததே.

மாற்றுக் கருத்தையும் மறைக்கக்கூடாது. ஒன்பதாமவர், நீதிபதி நாகரத்தினா அம்மையார், மறுத்து எழுதினார். மாநிலத்துக்கு மாநிலம் போட்டி போட்டு வரி விதித்தால், கனிம வளர்ச்சி சீர்குலையும், விலை தாறுமாறாகும் என்பது அவர் அச்சம். அதை எள்ளி நகையாடுவது நம் பண்பல்ல. ஆனால் நான் பணிவோடு கேட்பேன்: விலை ஒன்றாயிருக்க வேண்டும் என்பதற்காக, குழி வெட்டிய ஊர் மட்டும் எத்தனை காலம் கணக்கிலே வராமல் இருப்பது? 250 ரூபாய் மூட்டையிலே அந்தப் பழைய 45 காசு வீதத்தைப் போட்டாலும், 6 ரூபாய் ராயல்டிக்கு 2 ரூபாய் 70 காசு. அந்த 2 ரூபாய் 70 காசிலா நாட்டின் வளர்ச்சி நின்றுவிடும்?

தீர்ப்பு வந்துவிட்டது என்று தூங்கவும் முடியாது. 50ஆம் இனத்து அதிகாரத்துக்கு நாடாளுமன்றம் சட்டம் செய்து வரம்பு கட்டலாம் என்பதும் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பூட்டு திறந்தது, சாவி இன்னும் டில்லியின் மடியிலேதான்.

தமிழ்நாடு தாமதிக்கவில்லை. 2024 டிசம்பரிலே சட்டமன்றம் கனிமம் தாங்கிய நிலங்களுக்கான வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 4 முதல் சுண்ணாம்புக்கல் டன் ஒன்றுக்கு 160 ரூபாய் என்று வந்தது. டில்லி சொன்ன ராயல்டிக்கு இருமடங்கு! மூட்டைக்கு 12 ரூபாய். சிமெண்டு விலை ஏறும் என்று குரல் எழுந்தது. வீடு கட்டும் ஏழைக்கு 12 ரூபாயும் சுமைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். 70 ரூபாய் வரி இருந்தபோது எழாத குரல், 12 ரூபாய்க்கு எழுந்ததே என்பதையும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

இதோடு நான் முடித்திருந்தால், அன்று மேடையிலே இன்னும் பலத்த கைதட்டல் கிடைத்திருக்கும். டில்லியைச் சாடினோம், வென்றோம், வாழ்க என்று இறங்கியிருக்கலாம். ஆனால் தோழர்களே, இந்த வழக்கு எதற்காகப் பிறந்தது? நினைத்துப் பாருங்கள். சென்னைக் கருவூலத்துக்காகவா? இல்லை. ஊராட்சிக்காக! அந்த 45 காசின் சொந்தக்காரன் கோட்டை அல்ல, குழிக்குப் பக்கத்திலே குடியிருக்கும் கிராமம். கிராமத்தின் பெயரால் கேட்டு, மாநிலத்தின் பெயரால் வென்று, கிராமத்தை மறந்துவிட்டால், நாம் டில்லியைக் கேட்ட கேள்வியை நம்மை நோக்கிக் கிராமம் கேட்கும். கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "ஏற்கெனவே வரி வாங்கிவிட்டோமே" என்றா?

டில்லியிலிருந்து சென்னைக்கு இறங்கிவரும் அதிகாரம், சென்னையிலே வழி தவறிவிடக்கூடாது. பந்தப்புளிக்கும் தாழையூத்துக்கும் அது போய்ச்சேர வேண்டும். மாநில சுயாட்சி என்பது மலையருவி. உச்சியிலே தேங்கினால் அதற்குப் பெயர் அருவி அல்ல. ஆகவே நம் கோரிக்கை இது: கோட்டையிலே யார் அமர்ந்தாலும் சரி, இந்த 160 ரூபாயிலே குழியுள்ள ஊருக்கு இவ்வளவு என்று ஒரு பங்கைச் சட்டத்திலேயே எழுதுங்கள். கருணையாக அல்ல, கணக்காக. ரூபாய்க்கு 45 காசு என்று பழைய சட்டத்திலே எழுதியிருந்தார்களே, அப்படி வீதம் போட்டு எழுதுங்கள்.

இன்னொரு பணமும் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. 2015இல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று சட்டத்திலே வந்தது. பழைய குத்தகைகளுக்கு ராயல்டியிலே நூற்றுக்கு 30 பங்கும், அந்த ஆண்டு சனவரி 12க்குப் பின் தந்த குத்தகைகளுக்கு 10 பங்கும் தனியே செலுத்த வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் ஊர்களுக்கும் அது செலவாக வேண்டும். 80 ரூபாய் ராயல்டிக்கு 24 ரூபாய்! தென்காசி 2019 நவம்பரிலே தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. அந்தப் பணம் எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு போயிற்று என்று போய்க் கேட்டவர் நம்மிலே எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள் என்றேன் அன்று. உயர்ந்த கைகள் மூன்று. ஆயிரம் கைகள் தட்டிய கூட்டத்திலே, மூன்று!

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராமசபை கூடுகிறதே, அங்கே போங்கள். கொடியோடு அல்ல, நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். நம் எல்லையிலே எந்தக் குழி, யார் குத்தகை, எந்த ஆண்டு வரை, எத்தனை டன், அறக்கட்டளைப் பணம் எவ்வளவு, மேல்மண்ணைத் திரும்பப் போடும் திட்டம் என்ன, குழியிலிருந்து இறைக்கும் தண்ணீர் எங்கே போகிறது, வெடி வைக்கும் நேரம் ஊருக்குத் தெரியுமா, தூசியிலே நிற்கும் தொழிலாளிக்கு மருத்துவச் சோதனை நடக்கிறதா என்று கேளுங்கள். விடையை எழுதிக்கொள்ளுங்கள். விடை வராவிட்டால், வரவில்லை என்பதைத் தீர்மானமாக எழுதுங்கள். முழக்கத்தை அடக்கத் தெரிந்தவர்கள் உண்டு. கணக்கை அடக்கத் தெரிந்தவர்கள் இல்லை.

மேடையை விட்டு இறங்கும்போது ஒரு முதியவர் என் கையைப் பிடித்தார். "தம்பி, அந்த 45 காசு எங்க ஊருக்கு வந்திருந்தா, எங்க பள்ளிக்கூடத்துச் சுவர் விழுந்திருக்காதோ?" என்றார். அவர் எந்த ஊர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. அடுத்த கிராமசபையிலே அவர் ஊருக்குப் போய், அவர் பக்கத்திலே உட்கார்ந்து, கணக்குக் கேட்பதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

உங்கள் ஊரிலே நீங்கள் கேளுங்கள்.